தண்ணீர்ப் பானையைத் தேடி வந்த மூக்கு

“உனக்கு இனிப்பு ரத்தம்டா, அதான் உன்னையே தேடி வந்து கடிக்குது.” மாலையில் மொட்டை மாடியில் நாலு பேர் உட்கார்ந்து பேசினால், காலைச் சொறிந்துகொண்டே இருக்கும் ஒருவருக்கு இந்த வசனம் கிடைத்தே தீரும். பக்கத்தில் இருப்பவர் காலில் ஒரு தடிப்புகூட இருக்காது. கொசுவின் இந்த ஓரவஞ்சனை உண்மைதான். சொல்லப்படும் காரணம்தான் தவறு. ரத்தத்தின் ருசி தெரிய வேண்டுமானால் முதலில் ஊசியை இறக்க வேண்டும். கொசுவோ அதற்கு வெகு முன்பே, காற்றில் மிதந்துகொண்டிருக்கும்போதே ஆளைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. தேர்ந்தெடுப்பது அதன் மூக்கு.

அந்த மூக்குக்கு ஒரு பூர்வகதை உண்டு. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு, மனிதரைத் தேடிப் பிடிக்கும் சுபாவத்தோடு பிறந்த இனம் அல்ல. ஆப்பிரிக்கக் காடுகளில் மரப்பொந்தில் தேங்கிய மழைநீரில் முட்டையிட்டு, எதிர்ப்பட்ட விலங்கைக் கடித்து வாழ்ந்தவை அதன் மூதாதைகள். இன்றும் அங்கே காட்டில் இருக்கும் உறவுக்கூட்டம் அப்படித்தான் வாழ்கிறது. உலகில் 3,500க்கும் மேற்பட்ட கொசு இனங்கள் உள்ளன. மனிதரையே குறியாகத் தேடுபவை அவற்றில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஏடிஸ் எப்படி அந்தச் சிறுபான்மையில் சேர்ந்தது என்ற கேள்விக்கு மரபணு ஆய்வுகள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒரு பதிலைக் கொண்டுவந்திருக்கின்றன. அந்தப் பதிலில் ரத்தத்துக்கு இருக்கும் பங்கைவிடத் தண்ணீருக்கு இருக்கும் பங்கு பெரிது.

கதை தொடங்கும் இடம் கென்யா. மொம்பாசா துறைமுகத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி ரபாய் என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு கொசுக்கூட்டங்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்வதை 1970களிலேயே பூச்சியியலாளர்கள் கவனித்துவிட்டார்கள். வெளிர் பழுப்பு நிறத்தவை வீட்டுக்குள் பானைத் தண்ணீரில் முட்டையிட்டன. கருத்தவை வெளியே, மரப்பொந்துகளில். இரண்டுக்கும் இடையே நடந்து போகும் தூரம்தான். கூண்டில் ஒன்றாக விட்டால் இணைசேர்ந்து முட்டையிட்டு, அந்தச் சந்ததியும் இனம்பெருக்கும் என்பதால் இவற்றைத் தனித்தனி இனம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு கூட்டத்துக்கு மனித வாடை பிடிக்கும்; மற்றதற்கு விலங்கு வாடை.

மரபியல்காரர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. இரு வேறு இனங்களை ஒப்பிட்டால் ஆயிரம் வேறுபாடுகள் கிடைக்கும், எது எதற்குக் காரணம் என்று பிரிக்க வழியிருக்காது. இங்கேயோ ருசி மட்டும் வேறான இரு கூட்டங்கள், ஒன்றோடொன்று கலக்கவும் கூடியவை. 2009இல் ரபாயில் திரட்டிய கொசுக்களின் சந்ததியை நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி வாஸ்ஷாலின் ஆய்வகத்தில் வளர்த்தார்கள். ஆய்வை நடத்தியவர் அப்போது அங்கிருந்த கரோலின் மெக்பிரைட். சோதனைப் பெட்டியின் ஒரு பக்கத்திலிருந்து மனிதக் கையின் வாடை வரும், மறுபக்கத்திலிருந்து கினிப் பன்றியின் வாடை. (கினிப் பன்றி தென் அமெரிக்க விலங்கு, ஆப்பிரிக்கக் கொசு அதைக் கண்டிருக்க வழியே இல்லை. ‘மனிதரல்லாத ஏதோ ஒரு பாலூட்டி’ என்ற இடத்தை நிரப்பத்தான் அது.) வீட்டுக் கொசுக்கள் கையை நோக்கிப் பறந்தன, காட்டுக் கொசுக்கள் பெரும்பாலும் கினிப் பன்றியை நோக்கி. ஆள் வேண்டியதில்லை, ஒருவர் அணிந்து கழற்றிய நைலான் காலுறையே போதும், அதே முடிவு கிடைத்தது. உடல் சூடும் அசைவும் நிறமும் இல்லாமல், வாடை ஒன்றே இந்தப் பிரிவினையைச் செய்கிறது என்பது அதனால் உறுதிப்பட்டது.

அடுத்து இரண்டையும் கலந்தார்கள். பேரன் பேத்தித் தலைமுறையில் இரு பக்கத்து மரபணுக்களும் சீட்டுக்கட்டுபோலக் கலைந்து கிடக்கும். அந்தத் தலைமுறையில் மனிதரை நாடியவற்றைத் தனியாகவும் விலங்கை நாடியவற்றைத் தனியாகவும் பிரித்து, அவற்றின் உணர்கொம்புகளில் எந்தெந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்தார்கள். பட்டியலில் தனித்து நின்றது ஓஆர்4 என்ற மோப்ப ஏற்பியின் மரபணு. மனிதரை நாடும் கொசுக்களில் அது அதிகமாக இயங்கியது. அதோடு அவற்றிடம் இருந்த ஓஆர்4 வடிவங்கள் அதிகக் கூர்மையானவையாகவும் இருந்தன. எதை மோப்பம் பிடிக்க? சல்கடோன் என்ற ஒரு வேதிப்பொருளை. 2014இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான இந்த ஆய்வுதான், ஒரு கொசுவின் மனித விருப்பத்தைக் குறிப்பிட்ட ஒரு மோப்ப மரபணுவோடு முதன்முதலில் முடிச்சுப் போட்டது.

ஏற்பி என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கொசுவின் தலையில் முக்கியமாக இரண்டு இடங்களில் மூக்கு இருக்கிறது: முன்னே நீண்டிருக்கும் உணர்கொம்புகள், உறிஞ்சுகுழலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் குட்டையான இரு தண்டுகள். இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள், அவற்றில் நுண்ணிய துளைகள், உள்ளே திரவம், திரவத்துக்குள் நரம்பணுக்களின் நுனிகள். துளை வழியே நுழையும் வாடை மூலக்கூறு நரம்பணுவின் தோலில் பதிந்திருக்கும் ஒரு புரதத்தில் போய்ப் பொருந்தினால், அந்தப் புரதம் கதவுபோலத் திறந்து மின்னூட்டத் துகள்களை உள்ளே விடுகிறது. நரம்பு மூளைக்குச் சேதி அனுப்புகிறது. அந்தக் கதவுதான் ஏற்பி. ஒவ்வொரு ஏற்பிக்கும் ஒரு மரபணு உண்டு. அந்த மரபணுவில் ஏற்படும் மாற்றம் கதவின் பூட்டை மாற்றிவிடும். ஏடிஸ் எஜிப்தியிடம் ஓஆர், ஐஆர், ஜிஆர் என்ற மூன்று குடும்பங்களைச் சேர்ந்த ஏற்பி மரபணுக்கள் 300க்கும் மேல் உள்ளன. 2018இல் அதன் மரபணுத்தொகை செம்மையாகப் படிக்கப்பட்ட பிறகுதான் இந்தக் கணக்கு சரியாகத் தெரிந்தது.

ஓஆர் குடும்பத்துக் கதவுகள் தனியாக இயங்காது. ஆர்கோ என்ற துணைப் புரதத்தோடு ஒட்டினால்தான் திறக்கும். இந்த விவரம் பின்னால் வேண்டியிருக்கும்.

சல்கடோன் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நம் தோலின் எண்ணெய்ப் பிசுக்கில் ஸ்குவாலீன் என்ற கொழுப்பு நிறைய இருக்கிறது. காற்றில் கலந்திருக்கும் ஓசோன் பட்டு அது உடையும்போது வெளிவரும் துண்டுகளில் ஒன்றுதான் சல்கடோன். இன்னொரு கொழுப்பு சாப்பியனிக் அமிலம். ஹோமோ சாப்பியன்ஸ் என்ற நம் இனப்பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள், அந்த அளவுக்கு அது மனிதத் தோலின் தனிச்சொத்து. அது உடைந்தால் டெக்கனால் என்ற ஆல்டிஹைடு வரும். ஆக, குளித்துவிட்டு வந்து சும்மா உட்கார்ந்திருந்தாலும் நம் தோல் காற்றோடு சேர்ந்து மனித வாடையைத் தயாரித்துக்கொண்டேதான் இருக்கும்.

2014க்குப் பிறகு ‘மனிதரை மோப்பம் பிடிக்கும் மரபணு கண்டுபிடிப்பு’ என்று செய்தித் தலைப்புகள் ஓடின. ஒரே மரபணுவில் விஷயம் முடிந்துவிட்டது போன்ற தொனி. ஆய்வாளர்களே அப்படிச் சொல்லவில்லை. சல்கடோன் மற்ற விலங்குகளிடமும் உண்டு, சில செடிகளிடமும் உண்டு. நம்மிடம் விகிதம் அதிகம், அவ்வளவே. அந்த ஒரு பொருளை மட்டும் வைத்து மனிதரை அடையாளம் காண்பது, பெருங்காய வாசனையை மட்டும் வைத்து அது சாம்பாரா ரசமா என்று சொல்வது போன்ற வேலை. கலவையைத்தான் கொசு படிக்க வேண்டும்.

எப்படிப் படிக்கிறது என்பதை 2022இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மெக்பிரைடின் குழு கொசுவின் மூளைக்குள்ளேயே பார்த்தது. நரம்பணு இயங்கும்போது ஒளிரும்படி மரபணு மாற்றிய கொசுக்களை வளர்த்து, மனித வாடையையும் எலி, கினிப் பன்றி, செம்மறி, நாய் போன்றவற்றின் வாடையையும் காட்டி, மூளையில் எங்கே வெளிச்சம் விழுகிறது என்று பார்த்தார்கள். மனித வாடையைச் சேகரிப்பதற்காகச் சில தன்னார்வலர்கள் பல நாள் குளிக்காமல் இருந்து, உடையின்றி டெஃப்லான் பையொன்றுக்குள் படுத்திருந்தார்கள். அறிவியலுக்கு இதுவும் ஒரு கொடைதான்! மோப்ப நரம்புகள் வந்து முடியும் இடத்தில் கொசு மூளையில் அறுபது சொச்சம் சிறு முடிச்சுகள் இருக்கின்றன. மனித வாடை பட்டதும் ஒரு முடிச்சு பளிச்சென்று ஒளிர்ந்தது; விலங்கு வாடைக்கு அதனிடம் அவ்வளவு வேகம் இல்லை. அந்த முடிச்சைத் தூண்டியவை டெக்கனாலும் அதன் நெருங்கிய உறவான அன்டெக்கனாலும். இன்னொரு முடிச்சு மனிதர், விலங்கு என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒளிர்ந்தது. இரண்டும் சேர்ந்து ஒளிர்ந்தால் ‘இது மனிதர்’ என்று கொசு எடுத்துக்கொள்கிறது. நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்த ஒரு வாடையைக் கொசு இவ்வளவு சிக்கனமாகப் படிக்கும் என்று பலர் எதிர்பார்க்கவில்லை.

அப்படியானால் அந்த மரபணுக்களை முடக்கினால் கடி நின்றுவிடுமே என்று தோன்றும். முடக்கிப் பார்த்தார்கள். அங்கேதான் கொசு தன் உண்மையான திறமையைக் காட்டியது.

2013இல் வாஸ்ஷால் குழுவில் மேத்யூ டிஜெனாரோவும் மற்றவர்களும் ஆர்கோவின் மரபணுவை வெட்டினார்கள். ஆர்கோ இல்லையென்றால் ஓஆர் குடும்பத்தின் கதவு ஒன்றுகூடத் திறக்காது, ஓஆர்4 உட்பட. அந்தக் கொசுக்கள் மனிதரையும் கினிப் பன்றியையும் பிரித்தறியும் பழக்கத்தை இழந்தன. ஆனால் கொஞ்சம் கரியமில வாயுவைக் கலந்துவிட்டால், அதாவது மூச்சுக்காற்றின் சாயலைக் காட்டிவிட்டால், மனிதரிடம் ஒழுங்காக வந்து சேர்ந்தன. எவரைக் கடிப்பது என்ற தெரிவு கெட்டது, கடிக்கும் ஆசை கெடவில்லை. அடுத்த ஆண்டு அதே ஆய்வகம் கரியமில வாயுவை உணரும் ஜிஆர்3 மரபணுவை முடக்கியது. அந்தக் கொசுக்களும் தடுமாறினவே தவிர, ஆள் அருகில் இருந்து சூடும் தோல் வாடையும் சேர்ந்தால் கண்டுபிடித்துவிட்டன. 2019இல் வியர்வையின் லாக்டிக் அமிலத்தை உணரத் தேவையான ஐஆர்8ஏ மரபணுவை டிஜெனாரோவின் குழு நீக்கியது. வருகை வெகுவாகக் குறைந்தது. நிற்கவில்லை.

ஒரு வாசலை அடைத்தால் இன்னொரு வாசல். ஏன் இப்படி என்பதற்கு 2022இல் ஒரு விடை கிடைத்தது, அதுவும் பாடப்புத்தகத்தை இடித்துக்கொண்டு. ஒரு மோப்ப நரம்பணுவில் ஒரே வகை ஏற்பிதான் இருக்கும் என்பது இத்துறையின் அடிப்படை விதி. வாசனை ஏற்பிகளைக் கண்டுபிடித்து 2004இல் நோபல் பெற்ற லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் காலத்திலிருந்து வழங்கி வருவது. எலியிலும் பழ ஈயிலும் பெரும்பாலும் அப்படித்தான். மார்கரெட் ஹெர், மெக் யங்கர் ஆகியோர் ஏடிஸ் கொசுவைப் பார்த்தபோது, ஒரே நரம்பணுவில் வெவ்வேறு குடும்பத்து ஏற்பிகள் சேர்ந்து குடியிருந்தன. மூளையில் இருக்கும் முடிச்சுகளைவிட ஏற்பிகளின் எண்ணிக்கை பல மடங்கு அதிகமாக இருப்பது முன்பே நெருடலாக இருந்தது. இப்போது கணக்கு நேரானது. ஒரே கம்பியில் பல அழைப்புமணிகளைக் கட்டிவைத்தது போல. ஒரு மணியின் பொத்தான் பழுதானாலும் மற்றொன்றை அழுத்தினால் வீட்டுக்குள் அதே சத்தம்தான் கேட்கும்.

மொட்டை மாடிக் கேள்விக்கும் இதே ஆண்டில்தான் உருப்படியான பதில் வந்தது. அறுபதுக்கும் மேற்பட்டவர்களின் முன்கையில் நைலான் உறைகளை மாட்டி, அவற்றை இரண்டிரண்டாக ஒப்பிட்டுக் கொசுவை விட்டுப் பார்த்தார் மரியா எலீனா டி ஒபால்டியா. கொசுவுக்கு மிகவும் பிடித்தவருக்கும் பிடிக்காதவருக்கும் நடுவே ஏறக்குறைய 100 மடங்கு வித்தியாசம். எண் 33 என்று மட்டும் குறிக்கப்பட்ட ஒருவரின் உறைக்கு எதிரில் வேறு எந்த உறையும் நிற்க முடியவில்லை. சோதனையை ஆண்டுக்கணக்கில் திரும்பச் செய்தும் தரவரிசை பெரிதாக மாறவில்லை. கொசுவுக்குப் பிடித்தவர்களின் தோலில் கார்பாக்சிலிக் அமிலங்கள் கூடுதலாக இருந்தன. தோல் எண்ணெயும் அதைத் தின்று வாழும் நுண்ணுயிர்களும் சேர்ந்து உண்டாக்குபவை அவை. ஆர்கோ இல்லாத கொசுக்களையும், ஐஆர் துணைப் புரதம் இல்லாத கொசுக்களையும் விட்டுப் பார்த்தார்கள். அவையும் எண் 33ஐத்தான் தேடிப் போயின.

சர்க்கரைக்கும் ரத்தத்துக்கும் இதில் வேலையே இல்லை. கணுக்காலும் பாதமும் அதிகம் கடிபடுவதற்கும் காரணம் நுண்ணுயிர்கள்தான் என்று மலேரியாக் கொசுவான அனோபிலஸ் காம்பியேவை வைத்து 1990களிலேயே டச்சு ஆய்வாளர் பார்ட் நோல்ஸ் காட்டினார். கால் நாற்றமடிக்கும் லிம்பர்கர் பாலாடைக்கட்டியை வைத்தால் அந்தக் கொசு அதை நோக்கி வந்தது. பாலாடைக்கட்டியில் வாழும் பாக்டீரியாவும் கால்விரல் இடுக்கில் வாழ்வதும் நெருங்கிய சொந்தம். சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக்நோபல் விருதை 2006இல் அவருக்குக் கொடுத்தார்கள். யோசித்தவர்களும் உண்டு. விக்டோரியா ஏரியில் இருக்கும் ருசிங்கா தீவில் வீட்டுக்கு வீடு சூரிய மின்சாரத்தில் ஓடும் பொறிகளை மாட்டி, மனித வாடைக் கலவையைத் தடவிய நைலான் பட்டைகளை அவற்றில் வைத்தார்கள். 2016இல் வந்த முடிவின்படி, பொறி மாட்டிய வீடுகளில் மலேரியா இருந்தவர்களின் விகிதம் சுமார் 30 விழுக்காடு குறைவு. தனியாக மலேரியாவை ஒழித்துவிடாது. ஆனால் பூச்சிமருந்து இல்லாமல் கிடைத்த குறைவு.

சரி, ரபாய்க்குத் திரும்புவோம். அந்த வீட்டுக் கொசுக்களின் மரபணுக்களை ஒப்பிட்டதில் ஒரு திருப்பம். அவை பக்கத்துக் காட்டிலிருந்து நேராக வீட்டுக்குள் வந்தவை அல்ல. ஆப்பிரிக்காவுக்கு வெளியே உலகமெங்கும் பரவியிருக்கும் ஏடிஸ் கூட்டத்தின் நெருங்கிய சொந்தம். போன இடத்திலிருந்து திரும்பி வந்தவை. அப்படியானால் மனித ருசி முதலில் எங்கே உண்டானது?

நோவா ரோஸும் அவரோடு சேர்ந்த ஆப்பிரிக்க ஆய்வாளர்களும் சகாராவுக்குத் தெற்கே 27 இடங்களில் ஏடிஸ் முட்டைகளைச் சேகரித்து, வளர்த்து, அதே மனிதர்-விலங்குப் பெட்டியில் சோதித்தார்கள். 2020இல் வெளியான முடிவு இது: பெரும்பாலான இடங்களில் கொசுக்களுக்கு விலங்குதான் பிடித்திருந்தது. மனிதரை வலுவாக நாடியவை செனகலின் தியெஸ், ங்கோய் போன்ற சாகேல் பகுதி ஊர்களில் இருந்தன. பாலைவனத்தின் விளிம்பு அது. சில மாதம் மழை, மற்ற மாதமெல்லாம் வறட்சி. மக்கள்நெருக்கமும் ஒரு காரணமாக இருந்தது, ஆனால் அதைவிட வலுவாக ருசியைத் தீர்மானித்தது வறண்ட பருவத்தின் கடுமை.

காரணம் எளிது. ஏடிஸுக்கு முட்டையிடத் தண்ணீர் வேண்டும். மழைக்காட்டில் மரப்பொந்து ஆண்டெல்லாம் ஈரமாக இருக்கும். சாகேலில் கோடை வந்தால் தண்ணீர் இருக்கும் ஒரே இடம் மனிதர் சேமித்துவைத்த பானை. பானையில் வளர்ந்து வெளிவரும் கொசுவுக்குப் பக்கத்தில் இருக்கும் உயிர் மனிதர். அந்த வாடையைச் சட்டென்று பிடித்த கொசு பிழைத்தது, அதன் ஏற்பி வடிவம் அடுத்த தலைமுறைக்குப் போனது. நம்மைத் தேடி வந்த கொசு முதலில் தேடி வந்தது நாம் மூடிவைக்க மறந்த பானையைத்தான்.

எப்போது என்பதற்கும் ஒரு கணக்குப் போட்டார்கள், அதற்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டது ஒரு கொடுமையான வரலாறு. அடிமைக் கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் இந்தக் கொசு அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கக் கண்டத்துக்குப் போனது. அந்த வியாபாரம் நடந்த நூற்றாண்டுகள் ஏட்டில் இருக்கின்றன. இரு கரையிலும் உள்ள கொசுக்களின் மரபணுக்கள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதை அந்தக் காலத்தோடு பொருத்தினால், மரபணுக் கடிகாரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று தெரிந்துவிடும். அதைப் பின்னோக்கி ஓட்டினால், மனிதரை நாடும் கூட்டம் பிரிந்தது ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன்பு. பசுமையாக இருந்த சகாரா வறண்டு பாலைவனமான காலத்தோடு அது ஒத்துப்போகிறது.

அமெரிக்காவுக்குப் போன கூட்டத்தின் உறவுகள்தான் பிறகு கப்பலேறி ஆசியத் துறைமுகங்களுக்கும் வந்தன. தமிழ்நாட்டில் டெங்குக் காலத்தில் வீடு வீடாக வந்து தொட்டியில் அபேட் மருந்து ஊற்றும் பணியாளர்கள் தேடுவதும் இந்தக் கூட்டத்தின் புழுக்களைத்தான். பானை போய் பிளாஸ்டிக் டிரம்மும் சிமெண்ட் தொட்டியும் வந்துவிட்டன. குழாயில் தண்ணீர் வராத நாட்களுக்காகப் பிடித்துவைக்கும் வழக்கம் போகவில்லை. ஏடிஸின் முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், தண்ணீர் பட்டவுடன் பொரிந்துவிடும். அதனால்தான் தொட்டியைக் காலி செய்தால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள்.

காட்டுக் கொசுவின் மூக்கு இன்னும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. புர்கினா ஃபாசோவின் தலைநகர் வாகடூகு கடந்த சில பத்தாண்டுகளில் வேகமாகப் பெருத்த நகரம். அங்குள்ள ஏடிஸ் கொசுக்களின் மரபணுத்தொகையை 2023இல் வெளியான ஆய்வு ஒன்று அலசியது. மனிதரை நாடும் கூட்டத்தின் மரபணுக்கள் அந்த ஊர்க் கொசுக்களுக்குள் கலந்து பெருகியிருந்தன. அந்தக் கலப்பு நடந்தது கடந்த 20 முதல் 40 ஆண்டுகளுக்குள். சகாரா வறண்டபோது முதலில் நடந்த மாற்றம் இப்போது நகரம் பெருகும்போது நடக்கிறது. ஆப்பிரிக்க நகரங்களின் வளர்ச்சிக் கணிப்பை வைத்துப் பார்த்தால், 2050க்குள் இன்னும் பல ஊர்களின் கொசுக்கள் கினிப் பன்றியை விட்டுவிட்டுக் கையை நோக்கிப் பறக்கத் தொடங்கும் என்கிறது ரோஸின் குழு.